பச்சையா, பழுப்பா?

என் அக்காவுக்குக் கல்யாணம் ஆனதற்குக் காரணம் ஒரு நூல்கண்டு.

அக்கா கடைத்தெருவின் கோடியில் நூலும் பொத்தானும் விற்கும் கடை வைத்திருந்தாள். நான் அவளுக்குக் கூடமாட ஒத்தாசை. சுவர் முழுக்க மரத்தட்டுகள், தட்டு நிறைய நூல்கண்டுகள். நீலத்தில் மட்டுமே இத்தனை நீலம் உண்டா என்று முதல் தடவை வருபவர்கள் வாயைப் பிளப்பார்கள். யாராவது ஒரு துண்டுத் துணியைக் கொண்டுவந்து நீட்டினால் அக்கா அதை வெளிச்சத்தில் ஒரு முறை திருப்புவாள். அடுத்த நொடி அவள் கை அந்த நிறக் கண்டின் மேல் இருக்கும்.

அத்தான் அப்போது வெறும் வாடிக்கையாளர். குடிநீர் வாரியத்தின் பரிசோதனைக்கூடத்தில் வேலை. கடைத்தெருவில் அவருக்கு 'சொட்டு சார்' என்று பெயர். நாள் முழுக்கச் சொட்டுக் குழாயும் கையுமாக இருப்பவர், டீக்கடையில் பாலைக்கூட 'இன்னும் ஒரு சொட்டு, இன்னும் ஒரே ஒரு சொட்டு' என்றுதான் கேட்டு வாங்குவார்.

ஒரு நாள் முழங்கை கிழிந்த பழுப்புக் கம்பளிச் சட்டையோடு வந்தார். தட்டுகளை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ஒரு பச்சை நூல்கண்டை எடுத்துக் கிழிசலின் பக்கத்தில் வைத்து, "அச்சு அசலாப் பொருந்துது" என்றார்.

எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அக்கா சிரிக்கவில்லை. "அந்த நூல் சீக்கிரம் நைஞ்சிடும். இது கெட்டி" என்று பழுப்புக் கண்டு ஒன்றை மடித்துக் கொடுத்தாள். அவர் போன பிறகு என் தோளில் ஒன்று வைத்தாள். "அவர் வேணும்னா செஞ்சாரு? தெரியலடி அவருக்கு."

அதன் பிறகு அவருடைய துணிகள் அடிக்கடி கிழிய ஆரம்பித்தன. எந்த மனிதனுடைய சட்டையும் அவ்வளவு வேகத்தில் பொத்தான் உதிர்க்காது. அக்காவும் ஒரு வார்த்தை கேட்காமல் பொத்தான் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஒரு சாயங்காலம் பச்சை, பழுப்பு, சிவப்பு என்று நாலைந்து கண்டுகளை மேஜைமேல் வரிசையாக வைத்து, "இதுல எது எதுன்னு சொல்லுங்க பாப்போம்" என்றாள்.

அவர் கிளம்பத் திரும்பினார். வாசல்வரை போய் நின்றுவிட்டார்.

"வெளியில சொல்லிடாதீங்க" என்றார்.

"எதை?"

"எனக்குப் பச்சையும் பழுப்பும் ஒரே மாதிரிதான் தெரியும். சிவப்பும் ஏறக்குறைய அந்தக் கூட்டத்துலதான்."

"அதனால என்ன? ஊர்ல எத்தனையோ பேருக்கு..."

"நான் ரசாயனப் பரிசோதனை பண்றவன். நிறம் பாத்துத்தான் என் பொழப்பே ஓடுது."

அக்காவுக்கு அப்போதுதான் விஷயத்தின் கனம் புரிந்தது. முக்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க. உங்க வேலைதான் என்ன, முதல்ல அதைச் சொல்லுங்க" என்றாள்.

அன்று அவர் சொன்னது இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. தண்ணீரில் கரைந்து கிடப்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும் தண்ணீரில் உப்பும் இருக்கலாம், இரும்பும் இருக்கலாம், விஷமும் இருக்கலாம். எல்லாம் அயனியாக ஒளிந்துகொண்டிருக்கும். அதோடு சேரக்கூடிய இன்னொரு அயனியை உள்ளே அனுப்பினால் இரண்டும் கட்டிக்கொண்டு, கரையாத பொடியாக வெளியே வந்து விழும். விழுகிற பொடிக்கு வீழ்படிவு என்று பெயர். அதன் நிறத்தை வைத்து உள்ளே இருந்தது யார் என்று சொல்லிவிடலாம்.

"அயனின்னா என்ன?" என்று நான் கேட்டேன்.

"சோடியம்னு ஒரு உலோகம் இருக்கு. தண்ணியில போட்டா தீப்பிடிச்சு வெடிக்கும். குளோரின்னு ஒரு வாயு. மூச்சுல போனா ஆளையே சாய்ச்சிடும். இந்த சோடியம் அணு தன்கிட்ட இருக்கிற ஒரு எலக்ட்ரானை அந்தக் குளோரின் அணுகிட்டக் குடுத்துடும். அவ்வளவுதான், ரெண்டும் அயனி ஆயிடும். அப்புறம் பரம சாதுவா உங்க வீட்டு உப்பு டப்பாவுல வந்து உக்காந்துக்கும்."

"அப்ப அயனின்னா திருந்தின அணுவா?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "திருந்தினதும் இல்ல, கெட்டுப்போனதும் இல்ல. எலக்ட்ரான் ஒண்ணு கூடும், இல்ல குறையும். அதுக்கே ஆள் வேற ஆளாயிடும்."

பாதி வேலைகளில் அவருக்குத் தொல்லையே இல்லை. குளோரைடு இருக்கிறதா என்று பார்க்க வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டினால் தயிர் திரிந்தது போல வெள்ளையாக விழும். சல்பேட்டுக்குப் பேரியம் குளோரைடு, அதுவும் வெள்ளை. சாக்கடை கலந்திருந்தால் அம்மோனியம் இருக்கும். சோடாக் காரம் சேர்த்துச் சூடாக்கினால் எழும் நெடியை வைத்து மூக்கே சொல்லிவிடும். செம்பின் நீலம் அவருக்கு நன்றாகவே தெரியும். பச்சையும் பழுப்பும் வரும் இடத்தில்தான் தடுமாற்றம். உப்பைத் தீச்சுடரில் காட்டிப் பார்க்கும் சோதனையில் கால்சியத்தின் செங்கல் சிவப்பும் பேரியத்தின் இளம்பச்சையும் அவருக்கு ஒரே சுடர்தான்.

"அப்ப என்ன பண்ணுவீங்க?" என்றாள் அக்கா.

"பக்கத்துல இருக்கிறவங்ககிட்டக் குழாயை நீட்டி, 'நீங்க என்ன நினைக்கிறீங்க?'ன்னு கேப்பேன்."

"அவங்க?"

"எவ்வளவு பணிவான மனுஷன்னு சொல்லிக்கிறாங்க" என்றார், தலையைக் குனிந்துகொண்டு.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் கல்யாணம் நடந்தது. அக்கா அவருடைய காலுறைகளை ஜோடி ஜோடியாக ஊசி குத்தி வைத்தாள். சட்டைகளின் உள்பக்கத்தில் தைத்த சின்னத் துணித்துண்டுகளில் நிறத்தின் பெயரை எழுதினாள். தக்காளி வாங்க மட்டும் அவரை அனுப்புவதில்லை. பழுத்ததா, காயா என்று தெரியாமல் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்ப்பார். காய்கறிக்காரம்மா, "சார், நீங்க வாங்கவே வேணாம், தொடாம இருந்தாப் போதும்" என்று கும்பிடு போட்டிருந்தாள்.

ஊரில் ஒரு தண்ணீர்க் கலவரம் நடந்தது அவர்கள் மகளுக்குப் பல் முளைத்த காலத்தில்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் உள்ள தெருக்களில் குழாய்த் தண்ணீர் உலோக ருசியடித்தது. 'ஆணியை வாயில் வைத்த மாதிரி' என்றார்கள். தண்ணீர் பார்க்கத் தெளிவாகவே இருந்தது. அதுதான் இன்னும் பயம். அந்தத் தெருவில் ஒரு நிக்கல் முலாம் பட்டறை இருந்தது. கதவுக் கைப்பிடிகளுக்கும் சைக்கிள் பாகங்களுக்கும் பளபளப்பு ஏற்றும் இடம். பட்டறைத் தொட்டியில் பச்சைத் தண்ணீர் இருப்பதை யாரோ எப்போதோ பார்த்திருந்தார்கள். அது போதாதா? மத்தியானத்துக்குள் பட்டறை வாசலில் கூட்டம் கூடிவிட்டது. ஒரு ஜன்னல் கண்ணாடியும் உடைந்தது.

பரிசோதனைக்கூடத்தின் தலைமை அதிகாரி, எல்லோரும் பெரிய மேடம் என்று கூப்பிடும் அம்மா, வெளியூர்க் கூட்டத்துக்குப் போயிருந்தார். இன்னொரு ஆய்வாளர் காய்ச்சலில் படுத்திருந்தார். அத்தான் தனி ஆள். வாரியப் பொறியாளர் தொலைபேசியில் தலைகால் புரியாமல் கத்தினார்: "நிக்கலா இல்லையான்னு சொல்லுங்க சார்! நிக்கல்னா நான் மொத்த லைனையும் மூடணும். மூடினா ஆஸ்பத்திரிக்கும் தண்ணி நின்னுடும்!"

அடுத்த தொலைபேசி எங்கள் கடைக்கு வந்தது. அக்கா எடுத்தாள்.

"கொஞ்சம் வர முடியுமா? உன் கண்ணு வேணும்" என்றார் அத்தான்.

அக்கா கையிலிருந்த கத்தரிக்கோலை அப்படியே வைத்தாள். நான் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு கடையைப் பூட்டினேன். என்னை யாரும் கூப்பிடவில்லைதான். ஆனால் இதைப் பார்க்காமல் எப்படி இருப்பது?

பரிசோதனைக்கூடம் ஒரு நீளமான அறை. வெள்ளை ஓடு பதித்த மேஜை, மரத்தாங்கியில் சோதனைக்குழாய்கள், ஜன்னலோரம் மருந்துப் புட்டிகள். அத்தான் தெருக்குழாயிலிருந்து நாலைந்து புட்டிகளில் வாய்வரை தளும்பத் தளும்பப் பிடித்து, காற்றுப் புகாமல் மூடி எடுத்து வந்திருந்தார். ஒரு புட்டியைத் திறந்து ஒரு சோதனைக்குழாயில் ஊற்றினார்.

"காரத்தைச் சேர்க்கப்போறேன். நிக்கல் அயனி இருந்தா பச்சையா விழும். பழைய குழாயோட துருன்னா பழுப்பா விழும். பச்சைன்னா பட்டறை, பழுப்புன்னா குழாய். நீ பாத்துச் சொல்லு."

சொட்டினார். தண்ணீருக்குள் புகை மாதிரி ஏதோ சுருண்டு மெல்ல அடியில் இறங்கியது. பின்னால் ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்தார்.

"என்ன நிறம்?"

அக்கா குனிந்து பார்த்தாள். "பாசி நிறம். அதுல கொஞ்சம் சாம்பல் கலந்த மாதிரி. சுத்தப் பச்சைன்னு சொல்ல முடியாது, ஆனா..."

"இது நூல்கடை இல்லம்மா! பச்சையா, பழுப்பா? ரெண்டுல ஒண்ணு சொல்லு!"

"பச்சைதாங்க."

அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. மெதுவாகத் தொலைபேசி அருகே போனார். கை ரிசீவரின் மேல் இருந்தது.

"இருங்க" என்றாள் அக்கா.

"என்ன?"

"நிறம் மாறுது."

"எப்படி மாறுது? எங்க மாறுது?"

"மேல. காத்துப் படுற இடத்துல. பழுப்பு ஏறிக்கிட்டே வருது. அடியில இன்னும் பச்சைதான்."

அவர் ஓடிவந்து குழாயை வாங்கிக் குலுக்கினார். குலுக்கக் குலுக்க எங்கள் கண்ணெதிரே அந்தப் பாசிப்பச்சை அத்தனையும் துருப்பிடித்த தகரத்தின் நிறத்துக்குப் போனது. அவருக்கு அது தெரியவில்லை. எங்கள் முகத்தைத்தான் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பழுப்பா?"

"முழுக்கப் பழுப்பு!"

"இரும்பு!" என்று கத்திவிட்டார். குழந்தை அலறியது. அவர் அதை வாங்கித் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே சொன்னார்: "ரெண்டு எலக்ட்ரானை மட்டும் விட்ட இரும்பு பச்சையாத்தான் விழும். காத்துப் பட்டா இன்னொரு எலக்ட்ரானும் போயிடும், பழுப்பாயிடும். நிக்கலுக்கு இந்தச் சங்கதி கிடையாது. அது நாளைக்கு வந்து பாத்தாலும் பச்சையாவே கிடக்கும்."

அதோடு விட்டுவிடவில்லை. இரும்போடு நிக்கலும் கூட இருந்தால்? பட்டறைக்காரரிடம் கேட்டு வாங்கிய தொட்டித் தண்ணீர் ஒரு புட்டியில் இருந்தது. இரண்டு தண்ணீரிலும் தனித்தனியாக அம்மோனியா சேர்த்து, விழுந்ததை வடிகட்டி எடுத்தார். நிக்கல் இருந்தால் வடிந்த தண்ணீரிலேயே தங்கிவிடுமாம். அதற்கென்றே உள்ள மருந்தைச் சொட்டினார். தொட்டித் தண்ணீர் சட்டென்று ரோஜா நிறத்தில் கொதகொதவென்று திரண்டது. "அம்மாடி, என்ன சிவப்பு!" என்றாள் அக்கா. தெருக்குழாய்த் தண்ணீர் அசையவே இல்லை. எவ்வளவு உற்றுப் பார்த்தும் தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

கடைசியாக, புதிதாகத் திறந்த புட்டியிலிருந்து ஒரு குழாய் எடுத்து, இரும்புக்கான வேறொரு மருந்தைச் சேர்த்தார். மை கொட்டியது போல நீலம்.

"இது எனக்கே தெரியுது" என்றார் மெல்ல. அந்தக் குழாயைக் கீழே வைக்க மனமில்லாமல் பிடித்துக்கொண்டே நின்றார்.

பிறகு பொறியாளரைக் கூப்பிட்டார். "ரொம்ப நாளா மூடிக் கிடந்த பழைய குழாய் எதையாவது திறந்துவிட்டீங்களா?"

"ரிப்பேருக்காக நேத்து ஒரு வால்வைத் திருப்பிவிட்டோம்..." என்று இழுத்தார் பொறியாளர்.

"அதை மூடுங்க. தெருக்குழாயெல்லாம் கொஞ்ச நேரம் திறந்துவிட்டு ஓடவிடுங்க. ஆஸ்பத்திரிக்குத் தண்ணி நிக்க வேண்டாம்."

வால்வு மூடியாகிவிட்டது. ஆனால் பட்டறை வாசலில் நின்றவர்களிடம் இதை யார் சொல்வது? பொறியாளர் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அத்தான் தாங்கியோடு சோதனைக்குழாய்களையும் தண்ணீர்ப் புட்டிகளையும் காரத்தையும் தூக்கிக்கொண்டு அங்கேயே போய்விட்டார். நாங்களும் பின்னாலேயே போனோம். பட்டறைக்காரர் நல்ல ஆஜானுபாகுவான ஆள். படியில் உட்கார்ந்து சின்னப்பிள்ளை மாதிரி நடுங்கிக்கொண்டிருந்தார். அத்தான் அவர் பக்கத்துப் படியில் தாங்கியை வைத்து, புதுப் புட்டியிலிருந்து ஒரு குழாயில் தெருத்தண்ணீரை ஊற்றிக் காரம் சொட்டிவிட்டு, முன்வரிசையில் எகிறிக்கொண்டிருந்த ஆளைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

"நீங்க வாங்க. இதைப் பிடிங்க. என்ன நிறம்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரிச் சொல்லுங்க."

"பச்சை!" என்று அந்த ஆள் வெற்றியோடு கூவினார். கூட்டம் உறுமியது.

"சரி. இப்பக் குலுக்குங்க."

குலுக்கினார். பார்த்தார். மறுபடி குலுக்கினார். "பழுப்பாகுது" என்றார், குரல் இறங்கிப்போய்.

அடுத்த குழாயில் தொட்டித் தண்ணீர். அது பச்சையாக விழுந்து, அந்த ஆள் கை வலிக்கக் குலுக்கியும் பச்சையாகவே கிடந்தது. குழாய்கள் கை மாறிக் கை மாறிக் கடைசி வரிசைவரை போயின. அரைமனதாகத்தான் கலைந்தார்கள்; ஆனாலும் கலைந்தார்கள். பட்டறைக்காரர் அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டு, விடாமல் நின்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் அக்கா பூரித்துப்போயிருந்தாள். அத்தான் மட்டும் கையிலிருந்த தாங்கியைப் பார்த்தபடியே நடந்தார்.

"என்னங்க, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதே?"

"மேடம் வந்ததும் சொல்லிடப்போறேன்."

"எதை?"

"என் கண்ணைப் பத்தி. இன்னைக்கு நீ கடையில இல்லாமப் போயிருந்தா? பச்சைன்னு சொல்லிட்டு நீ தலையை நிமித்தியிருந்தா? நான் லைனை மூடியிருப்பேன். அந்த மனுஷனை என்ன செஞ்சிருப்பாங்களோ."

அக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் கையிலிருந்த தாங்கியை வாங்கித் தான் சுமந்துகொண்டாள்.

பெரிய மேடத்திடம் சொன்ன அன்று அத்தான் வீட்டுக்கு வந்து நடந்ததை நடித்தே காட்டினார். மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாராம்.

"எவ்வளவு நாளா இப்படி?"

"பிறந்ததிலேருந்து மேடம்."

"உங்களுக்கு நிறம் தெரியலங்கிறதுக்காக எனக்குக் கோபம் இல்ல. எல்லார்கிட்டயும் கேட்டுக்கிட்டு இருந்தீங்களே, எங்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லலையே, அதுக்குத்தான் கோபம். ஊர் குடிக்கிற தண்ணி சார் இது."

அவர் தன் பழைய பதிவேடுகளைக் கொண்டுவந்து மேடம் முன்னால் வைத்தாராம்.

அவர் தனியாகப் பார்த்துச் சொன்ன சோதனைகளையெல்லாம் மேடம் திரும்பச் செய்யச் சொன்னார். எல்லாம் சரியாக இருந்தது என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் ஒன்று தப்பாக இருந்தது. ஒரு சலவைக்கடையின் கிணற்றில் இரும்பு அதிகம் என்று சொல்லியிருந்தார். அப்படி ஒன்றும் இல்லை. அத்தான் தானே நேரில் போனார். சலவைக்கடை அம்மா கேட்டுவிட்டு, "அதான் துணியில ஒரு கறையும் வரலையேன்னு பாத்தோம். நீங்க சொன்னீங்கன்னு பெரிய வடிகட்டித் தொட்டி ஒண்ணு கட்டினோமே!" என்றாராம். அத்தான் குறுகிப்போனார். "சரி விடுங்க, அதுல ரோஜாச்செடி வச்சிருக்கேன், அமோகமா வளருது" என்று பின்கட்டுக்குக் கூட்டிப்போய்க் காட்டினாராம். "பூ என்ன நிறம்?" என்று நான் கேட்டேன். "அதை ஏன் எங்கிட்டக் கேக்குற?" என்றார்.

நிறம் பார்க்க வேண்டிய எந்தச் சோதனையையும் இனிமேல் இரண்டு பேர் பார்க்க வேண்டும் என்று மேடம் உத்தரவு போட்டார். அத்தானை மேஜையிலிருந்து எடுத்து, ஊரெங்கும் போய்த் தண்ணீர் சேகரிக்கும் வேலைக்கு மாற்றினார். முதலில் அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் திரிந்தார். சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து, "புட்டி தூக்குற வேலை" என்பார். அக்கா, "நல்லாத் தூக்குங்க, உடம்புக்கு நல்லது" என்பாள்.

ஆனால் அந்த வேலை அவருக்கு ஒட்டிக்கொண்டது. எந்த வீட்டுக் குழாய் எங்கே வளைகிறது, எந்தத் தெருவுக்கு எந்த வால்வு என்று ஊரே அவருக்கு அத்துப்படி ஆயிற்று. புட்டியை நீட்டிய இடத்திலெல்லாம் டீ கொடுத்தார்கள். வெள்ளி நைட்ரேட்டைப் பையிலேயே வைத்திருந்து, உப்பு ருசி என்று புலம்புபவர்கள் முன்னால் சொட்டிக் காட்டுவார். வெள்ளையாகத் திரண்டதும் அவர்களைவிட இவருக்குத்தான் அதிக சந்தோஷம். பட்டறைக்காரர் வருஷா வருஷம் எங்கள் வீட்டுக் கைப்பிடிகளையெல்லாம் கழற்றிக்கொண்டு போய்ப் பளபளவென்று முலாம் போட்டுத் திரும்ப மாட்டிவிட்டுப் போனார். அந்த நாட்களில் கதவுகளை நாங்கள் கைப்பிடி இருந்த ஓட்டையில் விரலை விட்டுத்தான் திறப்போம்.

அத்தான் ஓய்வு பெற்ற வருஷம் வீட்டுச் சுவர்களுக்கு வண்ணம் பூச வேண்டியிருந்தது. வண்ணக்காரர் நிற அட்டைகளை அக்காவிடம்தான் நீட்டினார். ஊரில் யாருக்கும் அவளைவிட நிறம் தெரியாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. அக்கா அட்டைகளை வாங்கி அத்தான் மடியில் வைத்தாள்.

"இந்தத் தடவை நீங்க சொல்லுங்க."

"நானா? விளையாடாதே."

"நிஜமாத்தான். எது உங்களுக்கு நல்லா இருக்கோ அது."

அவர் ஜன்னலோரம் போய் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். ஒரு முழுக் காலையும் போயிற்று. வண்ணக்காரர் இரண்டு முறை டீ குடித்துவிட்டு வந்தார். கடைசியில் ஒன்றை எடுத்து நீட்டினார். அக்கா அதன் பெயரைக்கூட வாய்விட்டுப் படிக்கவில்லை. "இதையே அடிச்சிடுங்க" என்றாள்.

முதல் தடவை வருகிறவர்கள் வாசலில் ஒரு நொடி தயங்கிவிட்டுத்தான் உள்ளே நுழைகிறார்கள். போன வாரம் நான் அக்காவிடம் தனியாகக் கேட்டேன்: "உண்மையைச் சொல்லு, இந்த நிறம் உனக்குப் பிடிச்சிருக்கா?"

அவள் சுவரைப் பார்த்தாள், துண்டுத் துணியை வெளிச்சத்தில் பார்க்கிற அதே பார்வை.

"முதல்ல பிடிக்கல. இப்பப் பழகிடுச்சு" என்றாள். "அவர் தினமும் காலையில டீயைக் கையில வச்சுக்கிட்டு இந்தச் சுவரைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்காருடி. அதைப் பாக்க எனக்குப் பிடிச்சிருக்கு."